ஈயம் ஒட்டக் கூடாத இடம்

எனக்கு அடக்கம் கொஞ்சம் குறைவு. வீட்டில் எல்லோரும் இதைச் சொல்லிச் சலித்துவிட்டார்கள், நானும் கேட்டுச் சலித்துவிட்டேன். எழுத உட்கார்ந்த பிறகு இல்லாத அடக்கத்தைக் கடன் வாங்கிக் காட்ட எனக்கு மனசில்லை. யுத்த காலத்தில், தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போகிற சாலையில் ஒரு தகரப் பட்டறை இருந்தது. ஆண்கள் மட்டுமே உட்கார்ந்து வேலை செய்த அந்தப் பட்டறையில் நானும் உட்கார்ந்தேன். யாரும் பெரிய மனசு பண்ணி எனக்கு இடம் தரவில்லை. என் சமர்த்தால் பிடித்த இடம் அது. எப்படிப் பிடித்தேன் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

பட்டறை என் வீட்டுக்காரருக்கும் அவருடைய அண்ணனுக்கும் பொது. அண்ணனை நான் அத்தான் என்று சொல்வேன். சொல்வேனே தவிர, கூப்பிட்டது கிடையாது. எங்கள் பக்கத்தில் புருஷனுடைய அண்ணனோடு நேருக்கு நேர் நின்று பேசுகிற வழக்கமில்லை. அவருக்கு என்னிடம் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் தம்பியைப் பார்த்துச் சொல்வார். தம்பி பக்கத்தில் இல்லையென்றால் உலைத் துருத்தியைப் பார்த்துச் சொல்வார். நானும் பதிலைத் துருத்திக்கே சொல்வேன். வாயில்லாத அந்தத் தோல்பை எங்கள் இரண்டு பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சமில்லை.

அரிசிப் பெட்டி, சிம்னி விளக்கு, எண்ணெய் ஊற்றுகிற புனல் என்று கிடைத்ததையெல்லாம் செய்வார்கள். ஆனால் பட்டறைக்குப் பெயர் வாங்கித் தந்தது தோணிகளுக்கான தண்ணீர்த் தொட்டி. இங்கிருந்து கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகும் பாய்த்தோணியில், குடிக்கிற தண்ணீர் அந்தத் தகரத் தொட்டியில்தான் போகும். காற்று கைகொடுத்தால் சீக்கிரம் போய்ச் சேரலாம். காற்று விழுந்துவிட்டால் சுற்றிலும் உப்புத் தண்ணீர், நடுவில் இந்தத் தொட்டி, அவ்வளவுதான்.

தொட்டி செய்கிற விதத்தைச் சொல்லாவிட்டால் மீதிக் கதை விளங்காது. தகரத்தை அளந்து வெட்டி, ஓரங்களை ஒன்றுக்குள் ஒன்றாக மடிப்பார்கள். மடித்த மூலைகள் நகராமல் இருக்க ஓர் இரும்புச் சட்டத்துக்குள் வைத்துத் திருகி இறுக்குவார்கள். அப்புறம் மடிப்பின்மேல் திராவகம் தடவி, உலையில் காய்ந்த சூட்டுக்கோலின் செம்புத் தலையால் ஈயத்தைத் தொட்டு ஓடவிடுவார்கள். கட்டியாக இருந்த ஈயம் ஒரு கணத்தில் இளகி, பளபளவென்று ஓடி மடிப்புக்குள் புகுந்துகொள்ளும். ஆறியதும் சட்டத்தைக் கழற்றிவிட வேண்டும்.

சட்டத்தையும் தகரத்தையும் சேர்த்துப் பிடித்துக் கொடுக்க ஒருவர் வேண்டும். அந்த வேலைக்கு இருந்த ஆள் பட்டாளத்தில் சேர்ந்து போய்விட்டான். வேறு ஆள் அகப்படவில்லை. எங்கள் வீடு பட்டறைக்குப் பின்கட்டுதான். ஒருநாள் சோறு கொண்டுபோனபோது, என் வீட்டுக்காரர் ஒரு கையில் சூட்டுக்கோலும் மறு கையில் ஈயமுமாக, முழங்காலால் சட்டத்தை முட்டுக்கொடுத்துக்கொண்டு தவித்தார். தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு, இரும்புக் குறடு ஒன்றை எடுத்துச் சட்டத்தைக் கவ்விப் பிடித்தேன். மறுநாளும் பிடித்தேன். அதற்கப்புறம் யாரும் என்னைக் கூப்பிடவும் இல்லை, நான் யாரையும் கேட்கவும் இல்லை.

அந்த வேலை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. அடுப்படியில் நான் பாடுபட்டுச் செய்ததெல்லாம் பொழுது சாய்வதற்குள் தின்று தீர்ந்துபோகும். தொட்டி அப்படியில்லை, கடல் தாண்டிப் போகும், திரும்பி வரும், மறுபடி போகும். என் கை பட்ட சாமான் ஒன்று கொழும்புத் துறைமுகத்தைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறது என்று நினைத்தால் எனக்கு உடம்பு பூரிக்கும். நான் போனதில்லை, அது போயிருக்கிறது.

அத்தானுக்கு மட்டும் பொறுக்கவில்லை.

“ஏலே, பொம்பளக் கை பட்டா ஈயம் ஒட்டாது. நம்ம அப்பா காலத்துலயே சொல்லுவாவ,” என்று தம்பியிடம் சொல்வார். அவர்களுடைய அப்பா அப்படிச் சொன்னதாக என் வீட்டுக்காரருக்கு ஞாபகமே இல்லை.

உண்மையில் எங்கள் சங்கடம் நேர்மாறானது. ஈயம் ஒட்டக் கூடாத இடத்திலெல்லாம் ஒட்டிற்று. மடிப்பில் தடவுகிற திராவகம் வழிந்து சட்டத்திலும் படும். பட்ட இடத்தில் இரும்பைத் தின்று வெளுப்பாக்கிவிடும். அப்படிச் சுத்தமான இரும்பைக் கண்டால் ஈயம் விடுமா? மடிப்பிலிருந்து வழிந்து சட்டத்தையும் பிடித்துக்கொள்ளும். குறட்டின் வாயில் ஒட்டும், சுத்தியலின் முகத்தில் ஒட்டும், தகரத்தை வைத்து அடிக்கிற கட்டையில் பதித்த இரும்பில் ஒட்டும். சட்டத்தை வெடுக்கென்று இழுத்தால், மடிப்பில் இருக்க வேண்டிய ஈயமும் பிய்ந்து கூடவே வரும். வெளியே பார்க்க ஒன்றும் தெரியாது. உள்ளே ஊசி நுழைகிற ஓட்டை விழுந்திருக்கும்.

முன்பு ஈயம் தாராளமாகக் கிடைத்த காலத்தில் மேலே இன்னொரு பூச்சுப் பூசி மறைத்துவிடுவார்கள். யுத்தம் வந்து மலாய்ப் பக்கத்திலிருந்து வெள்ளீயம் வருவது நின்றுபோயிற்று. பழைய டின்களைச் சூடாக்கி, மடிப்பில் இருந்ததை வழித்து உருக்கித்தான் எங்களுக்கு ஈயம். சட்டத்தில் ஒட்டியதை உளியால் சுரண்டி எடுத்துத் திரும்ப உருக்குவது என் வேலை.

அத்தானும் சும்மா இருக்கவில்லை. சட்டத்துக்கு எண்ணெய் தடவினால் ஒட்டாது என்றார். தோசைக்கல்லுக்குச் சொல்ல வேண்டிய நியாயத்தை இரும்புச் சட்டத்துக்குச் சொன்னார். எண்ணெய் புகைந்து பட்டறை முழுக்க இருமல். கொழுப்புப் பட்ட இரும்பில் ஈயம் இன்னும் சுகமாகப் போய் உட்கார்ந்தது. போதாக்குறைக்கு எண்ணெய் மடிப்புக்கும் இறங்கி, ஒட்ட வேண்டிய இடத்தைக் கரியாக்கிவிட்டது. குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்த கதை.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு தண்டல் வந்தார். தோணியை ஓட்டிப் போகிற தலைவரை எங்கள் ஊரில் தண்டல் என்பார்கள். இவர் எங்களிடம் வாடிக்கையாகத் தொட்டி வாங்குகிறவர். கழுத்தில் மாதா சுரூபம் தொங்கும், குரல் அலைக்கு மேலே கேட்கும். அன்றைக்கு ஒரு தொட்டியைத் தோளில் கொண்டுவந்து வாசலில் தொம்மென்று போட்டார்.

“அண்ணாச்சி, இது தொட்டியா, சல்லடையா?”

அத்தான் எழுந்து நின்றார்.

“நடுக்கடல்ல பாக்கேன், பாதித் தண்ணிய காணோம். அவ்வளவும் தோணிப் பள்ளத்துல இறங்கிக் கெடக்கு. ஆளுக்கு ஒரு செரட்டைன்னு அளந்து குடிச்சோம். மாதா புண்ணியம், காத்து விழல. விழுந்திருந்தா உம்மகிட்ட வந்து கேக்க ஆள் இருந்திருக்காது.”

அத்தானுக்கு முகம் செத்துவிட்டது. தண்டல் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, அடுத்த நடைக்கு இரண்டு தொட்டி வேண்டும் என்றும், அதுவும் ஒழுகினால் இந்தப் பட்டறை இருக்கிற பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்றும் சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னதில் எனக்குக் கோபமே வரவில்லை. மனிதர்கள் தாகத்தோடு கடலில் இருந்திருக்கிறார்கள்.

அவர் தலை மறைந்ததும் அத்தான் தம்பி பக்கம் திரும்பினார்.

“நான் அன்னைக்கே சொன்னேன் பாத்தியா? பொம்பளக் கை பட்டா ஒட்டாதுன்னு சொன்னேனா இல்லையா?”

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் துருத்தியின் பக்கம் திரும்பினேன்.

“ஏ துருத்தி, ஈயம் ஒட்டாமலா போச்சு? சட்டத்துல ஒட்டிக்கிட்டுல்லா கெடக்கு! தகரத்தை விட்டுட்டு அதைப் புடிச்சிக்கிட்டு வருது. தெனமும் சொரண்டுதவளுக்குத் தெரியாதா? இதுல பொம்பளக் கை எங்கன வந்துது?”

துருத்தி பதில் சொல்லவில்லை. அத்தான் சொன்னார், தம்பியைப் பார்த்து: “இந்த ரெண்டு தொட்டியும் ஒழுகுச்சின்னா உன் வீட்டுக்காரி அடுப்படியோட இருந்துக்கிடட்டும். அதுக்கப்புறம் பட்டறைப் படி ஏறக் கூடாது.”

என் வீட்டுக்காரர் சூட்டுக்கோலைப் பார்த்துக்கொண்டு நின்றார். நல்ல மனிதர், ஆனால் அண்ணன் முன்னால் அவருக்கு நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

“சரின்னு சொல்லிரு துருத்தி,” என்றேன் நான்.

சொல்லிவிட்டேனே தவிர, உள்ளுக்குள் எனக்குப் பயம். சட்டத்தை இடுக்கிக்கொண்டு போய் உளியால் சுரண்ட ஆரம்பித்தேன். அழுகை வந்தது, சுரண்டுகிற சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. அப்போதுதான் ஒரு மூலையில் உளி பிடிபடாமல் வழுக்கியது. சுற்றிலும் ஈயம் அப்பிக் கிடக்க, நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு ஒட்டே இல்லை. திரவமாக வந்த ஈயம் அந்த இடத்துக்கு இரண்டு பக்கமும் ஒதுங்கிப் போயிருந்தது. அந்த விரல் அகலத்தில் மங்கலாக ஒரு வெள்ளைத் தீற்று.

அந்தத் தீற்றை எனக்குத் தெரியும். அதற்காக நான் எத்தனையோ தடவை சத்தம் போட்டிருக்கிறேன். என் வீட்டுக்காரர் வெற்றிலை போடுகிறவர். வெற்றிலைக்குத் தடவியது போக விரலில் மிஞ்சின சுண்ணாம்பைப் பக்கத்தில் இருக்கிற எதிலாவது இழுகிவிடுவார். வெற்றிலை போடுகிற ஆண்பிள்ளை இருக்கிற எந்த வீட்டிலும் தூணைப் பாருங்கள், இடுப்பு உயரத்தில் வெள்ளை வெள்ளையாக விரல் தடம் இருக்கும். பட்டறையில் தூண் எட்டாததால் அவர் சட்டத்தில் இழுகியிருக்கிறார்.

நான் பிறந்தது சுண்ணாம்புக் காளவாசல்காரர் வீட்டில். முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் கடற்கரையில் மலைமலையாகக் கொட்டிப் போட்ட சிப்பியைத் தோண்டி எடுத்து, நீற்றி, சுண்ணாம்பாக்கி விற்கிற குடும்பம். கல்யாணமான புதிதில் புகுந்த வீட்டில் என்னைச் சுண்ணாம்புக்காரி என்று கேலி பேசுவார்கள். சிப்பிக்குள் இருந்த முத்து யார் யார் கழுத்துக்கோ போயிற்று. சிப்பியை வைத்து ஊரில் பாதிச் சுவரை வெளுக்க வைத்தது எங்கள் குடும்பம். அப்படிப்பட்டவளுக்கு முன்னால் சுண்ணாம்பு தன் சங்கதியைத் தானாகவே சொல்லிவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

“இங்கேருங்க, இதைப் பாருங்க,” என்று வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். நான் திட்டப் போகிறேன் என்று நினைத்து, “இனிமே இழுக மாட்டேன்ளா,” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பிறந்த வீட்டிலிருந்து நல்ல சிப்பிச் சுண்ணாம்பாக வரவழைத்தேன். பெரிய பானையில் தண்ணீர் ஊற்றித் தாளித்தேன். சுட்ட சிப்பி தண்ணீரில் கொதித்துக் கரைகிறதை எங்கள் வீட்டில் தாளிப்பது என்றுதான் சொல்வோம். துணியில் வடிகட்டி, பதமாகக் கரைத்து, நுனி நசுக்கிய பனைமட்டையால் சட்டம் முழுக்கப் பூசினேன். குறட்டுக்குப் பூசினேன், சுத்தியல் முகத்துக்குப் பூசினேன், கட்டையில் பதித்த இரும்புக்கும் பூசினேன். சூட்டுக்கோலின் செம்புத் தலை ஒன்றைத்தான் விட்டுவைத்தேன். பட்டறையே கல்யாண வீடு போல வெளுத்துக் கிடந்தது.

அத்தான் வந்து தெரியாமல் குறட்டை எடுத்தார். கையெல்லாம் வெள்ளை. வேட்டியில் துடைத்தார், வேட்டியெல்லாம் வெள்ளை.

“ஏலே, பட்டறைக்கு வெள்ளையடிச்சாச்சா? பொங்கல் எப்பவாம்? கரும்பு வாங்கணும்லா!”

வேலை பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

வேலை பேசிற்று. ஆனால் அவருக்குச் சாதகமாகப் பேசிற்று. என் வீட்டுக்காரர் சூட்டுக்கோலை மடிப்பில் வைத்து ஈயத்தை ஓடவிட்டதும் சட்டத்தின் ஓரத்தில் சடசடவென்று பொரிந்தது. சுண்ணாம்பு பத்தை பத்தையாகப் பெயர்ந்து விழுந்தது. பெயர்ந்த இடத்தில் இரும்பு பல்லைக் காட்ட, ஈயம் அங்கே போய் முன்னைவிட அழுத்தமாக ஒட்டிக்கொண்டது. மடிப்பில் நின்ற ஈயமும் கொப்புளம் கொப்புளமாக வெடித்தது. ஒரு துளி தெறித்து என் மணிக்கட்டில் விழுந்தது. கத்தக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

அத்தான் சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. “போதும்லே. இனித் தொட்டிய நாம ரெண்டு பேரும் பாத்துக்கிடுவோம்,” என்றார்.

என் வீட்டுக்காரர் ஈயத்தைத் துடைத்துக்கொண்டே, அண்ணன் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “தண்டல் இன்னும் தொட்டிய வாங்கிட்டுப் போகலயேண்ணே. அவர் கொண்டுபோறப்ப ஒழுகாம இருந்தாப் போதும்லா? அதுவரைக்கும் அவ இருக்கட்டும்.”

எங்கள் கல்யாணத்தில் தாலி கட்டியபோதுகூட எனக்கு அவர்மேல் அவ்வளவு பிரியம் வந்ததில்லை.

ஆனால் ஏன் வெடித்தது என்று எனக்கு விளங்கவில்லை. வெற்றிலைச் சுண்ணாம்பும் சுண்ணாம்பு, நான் பூசியதும் சுண்ணாம்பு. அதுவும் எங்கள் வீட்டுச் சுண்ணாம்பு. ஒன்று ஈயத்தை ஒதுக்குகிறது, இன்னொன்று கூப்பிட்டு உட்கார வைக்கிறது என்றால் என்ன நியாயம்? மறுநாள் காலையில் அடுப்பைக்கூடப் பற்றவைக்காமல் பட்டறைக்குப் போய்ச் சட்டத்தைத் தொட்டேன். கையில் ஈரம் பட்டது. மழை இல்லை, யாரும் தண்ணீர் ஊற்றவும் இல்லை. முந்தின நாள் காய்ந்துவிட்டதாகத் தெரிந்த பூச்சு, கடற்காற்றுப் பட்டு வியர்த்து நின்றது. விரலை நாக்கில் வைத்தேன்.

உப்பு.

அந்த இடத்திலேயே தலையில் அடித்துக்கொண்டேன். எங்கள் ஊரில் வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு கரைக்கிறவர்கள் யாராக இருந்தாலும் ஒரு கைப்பிடி உப்பை அள்ளிப் போடுவார்கள். போட்டால் பூச்சு சுவரைப் பிடித்துக்கொள்ளும், சாய்ந்தால் முதுகில் ஒட்டாது. உப்பளத்து ஊரில் உப்புக்கா பஞ்சம்? உப்புப் போடாமல் சுண்ணாம்பு கரைத்தால் எங்கள் வீட்டில் கையாலாகாதவள் என்பார்கள். என் கையும் என்னைக் கேட்காமல் தன்பாட்டுக்கு உப்புச் சட்டிக்குள் போய்வந்திருக்கிறது. நான் போட்டது எனக்கே தெரியவில்லை.

உப்பு, காற்றில் இருக்கிற ஈரத்தையெல்லாம் இழுத்துக் குடிக்கும். மழைக் காலத்தில் எங்கள் ஊர்ச் சுவர்கள் வியர்ப்பதை நான் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். ஈரமான பூச்சின்மேல் கொதிக்கிற ஈயம் பட்டால் ஆவி கிளம்பி வெடிக்காமல் என்ன செய்யும்? வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்பில் யாரும் உப்புப் போடுவதில்லை. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று சொன்னவர்கள் ஈயப் பட்டறைக்கு வந்து பார்த்திருக்க வேண்டும். இங்கே உப்பிட்ட பண்டம்தான் குப்பைக்குப் போயிற்று.

சட்டத்தை நல்ல தண்ணீரில் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். உலையின் மேலே பிடித்துக் காய வைத்தேன். இந்தத் தடவை சுண்ணாம்பு கரைக்கும்போது வலது கையைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு இடது கையால் கலக்கினேன், வலது கை மறுபடி உப்புச் சட்டிக்குப் போய்விடும் என்ற பயத்தில். பிடிப்புக்கு உப்புக்குப் பதிலாகச் சோறு வடித்த கஞ்சியைச் சேர்த்தேன். மெல்லிசாக ஒரு பூச்சு, அது காய்ந்த பிறகு இன்னொரு பூச்சு. அப்புறம் தணலுக்குப் பக்கத்தில் வைத்து, கையில் தொட்டால் தூள் படுகிற அளவுக்கு உலர விட்டேன்.

இன்னொன்றும் புரிந்தது. ஒட்டக் கூடாத இடத்துக்குச் சுண்ணாம்பு நல்லது, ஒட்ட வேண்டிய இடத்தில் ஒரு பொட்டுப் பட்டாலும் கெடுதல். திராவகத்தை முறித்துவிடும், அங்கே ஈயம் பிடிக்காது. அதனால் தகரத்தை வைப்பதற்கு முன்னால் மடிப்பு ஓரத்தைத் துணியால் துடைத்து, ஊதி, வெயிலில் சாய்த்துப் பார்த்துத்தான் சட்டத்துக்குள் விடுவேன். இந்தப் பொறுமை ஆண்களுக்கு வராது என்று நான் சொல்வேன். என் வீட்டுக்காரர் மறுத்ததில்லை.

முதலில் சட்டத்தின்மேல் வெறும் ஈயத்தை ஒரு சொட்டு விட்டுப் பார்த்தோம். உருண்டை பிடித்தது, சட்டத்தின் சரிவில் உருண்டது, கீழே தரையில் விழுந்தது. என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இன்னொரு சொட்டு விட்டோம். அதுவும் உருண்டது. சிறுபிள்ளைகள் மாதிரி இரண்டு பேரும் சொட்டுச் சொட்டாக விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தோம். அத்தான் வருகிற செருப்புச் சத்தம் கேட்டதும் நிறுத்திவிட்டோம்.

முதல் தொட்டியின் மடிப்பில் ஈயம் ஓடியது. வெடிக்கவில்லை, பொரியவில்லை. ஆறியதும் திருகைத் தளர்த்தி, சட்டத்தின் முதுகில் மரச் சுத்தியால் ஒரு தட்டுத் தட்டினேன். கழன்று என் கைக்கு வந்தது. இழுக்கவே வேண்டியிருக்கவில்லை. மூலையில் ஈயம் ஒரே கோடாக, ஒரு பிசிறு இல்லாமல் கிடந்தது. இரண்டாவது தொட்டியும் அப்படியே.

ஒழுகுகிறதா என்று பார்க்க, தொட்டியில் தளும்பத் தண்ணீர் ஊற்றி மடிப்புகளின் வெளிப்பக்கத்தில் அடுப்புச் சாம்பலைத் தூவுவோம். எங்கேயாவது கசிந்தால் அங்கே சாம்பல் கறுத்துக் காட்டும். அத்தான் தானே பார்க்கிறேன் என்று மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஒவ்வோர் அங்குலமாக மூக்கு படுகிற மாதிரி குனிந்து பார்த்தார். பார்க்கப் பார்க்கச் சாம்பல் சாம்பலாகவே இருந்தது.

“இங்கன! இங்கன பாரு, ஈரம்!” என்று கத்தினார் திடீரென்று.

என் வீட்டுக்காரர் குனிந்து பார்த்தார். அப்புறம் நிமிர்ந்து மெதுவாகச் சொன்னார்: “அண்ணே, அது உங்க நெத்தி வேர்வை.”

இன்னும் ஒரு சொட்டு அவர் கண்முன்னாலேயே அவருடைய மூக்கு நுனியிலிருந்து விழுந்து பக்கத்தில் கறுத்தது. சிரிக்காமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஆனால் அத்தான் லேசில் விடுகிற ஆளா? பட்டறையில் நிற்கிற தொட்டி வேறு, கடலில் ஆடுகிற தொட்டி வேறு என்றார். தோணி போய்த் திரும்பி வரட்டும், அதுவரைக்கும் அவள் வீட்டோடு இருக்கட்டும் என்றார். அதிலும் ஒரு நியாயம் இருந்தது, அதனால்தான் எனக்கு இன்னும் எரிச்சல். தண்டல் தொட்டிகளை ஏற்றிக்கொண்டு போனார். நான் அடுப்படிக்குப் போனேன்.

அந்த நாட்களில் நான் வைத்த குழம்பெல்லாம் அடிப்பிடித்தது. பின்கட்டில் நின்றால் பட்டறைச் சத்தம் கேட்கும். குறடு கீழே விழுகிற சத்தம், பிடித்துக் கொடுக்க ஆளில்லாமல் என் வீட்டுக்காரர் முனகுகிற சத்தம், அத்தான் ஏசுகிற சத்தம். எனக்குக் கை அரித்தது. என் தொட்டிகள் ஒழுகாது என்று எனக்குத் தெரியும், சத்தியம் பண்ணச் சொன்னால் பண்ணுவேன். ஆனாலும் கடற்காற்று பலமாக வீசுகிறபோதெல்லாம் கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்குப் போய்ப் பார்ப்பேன். நடுக்கடலில் ஆடுகிற தொட்டியும், அதில் செரட்டையை விட்டு மொள்ளுகிற மனிதர்களும் கண்ணுக்குள்ளேயே நின்றார்கள். என் இடம் போனால் போகட்டும், அவர்களுக்குத் தண்ணீர் இருக்கட்டும் என்று ஒருநாள் மாதா கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டேன். எங்கள் சாமி வேறு. கடலில் இருக்கிறவர்கள் அவளுடைய பிள்ளைகள், அவளிடம்தானே கேட்க வேண்டும்?

ஒருநாள் மத்தியானம் அந்தக் குரல் கேட்டது.

“அண்ணாச்சி இருக்கீயளா?”

கையில் மாவு ஒட்டியிருந்தது, அப்படியே ஓடிப்போய்ப் பின்வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தண்டல் வெறும் கையோடு வந்திருந்தார். தொட்டியைத் தூக்கிக்கொண்டு வரவில்லை என்பதை முதலில் பார்த்தேன்.

“போறப்ப காத்து விழுந்துட்டு,” என்றார். “பாயி செத்துத் தொங்குது. தோணி அசையல. போன நடையா இருந்தா பிரார்த்தனை பண்ணிக்கிட்டுக் கெடந்திருப்போம். இந்த நடை பயலுவ சோறு பொங்கித் தின்னுட்டு, தண்ணி குடிச்சிட்டு, பாட்டுல்லா படிச்சானுவ! கொழும்புல போயி இறங்குறப்பவும் தொட்டில தண்ணி கெடக்கு. ஒரு சொட்டு கசியல அண்ணாச்சி.”

அத்தான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“என் மச்சான் தோணிக்கும் ரெண்டு வேணும். எனக்கு இன்னும் ஒண்ணு. இந்த வாரத்துக்குள்ள வேணும் அண்ணாச்சி, சரக்கு ஏத்திக்கிட்டு இருக்கோம். ஆகும்னு சொல்லுங்க.”

யார் எதைக் கேட்டாலும் உடனே ஆகும் என்று சொல்கிறவர் அத்தான். வாயைத் திறந்தார். அப்புறம் மூடிக்கொண்டார். நான் நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பதை அவர் திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் நான் நிற்பது அவருக்குத் தெரியும்.

“பட்டறைக்காரி அங்கன நிக்கா,” என்றார். “அவகிட்டயே கேட்டுக்கிடுங்க.”

பட்டறைக்காரி. அந்தச் சொல்லை அதற்கு முன்னால் நான் கேட்டதே இல்லை. அப்படி ஒருத்தி எங்கள் தெருவில் இருந்ததில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது, ஆனால் விடவில்லை. தண்டல் என் பக்கம் திரும்பினார்.

“என்ன தாயி, இந்த வாரம் ஆகுமா?”

மாவுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு பட்டறைக்குள் இறங்கி வந்தேன். சட்டத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். நான் இல்லாத நாட்களில் அதை மறுபடி ஈயமும் எண்ணெயுமாக ஆக்கி வைத்திருந்தார்கள்.

“ஆகாதுங்க,” என்றேன். “இதைக் கழுவணும், பூசணும், காயப் போடணும். ஈரச் சட்டத்துல நான் தகரம் வைக்க மாட்டேன். அடுத்த வாரம் வாங்க.”

தண்டல் திகைத்துப்போய் அத்தானைப் பார்த்தார், வழக்கமான பதில் அவரிடமிருந்து வரும் என்று.

“அவ சொன்னா சொன்னதுதான்,” என்றார் அத்தான்.